அந்த மாத்திரை அப்படித்தான்

"கறுப்பாத்தான் போகும். அந்த மாத்திரை அப்படித்தான்."

அம்மா இதைச் சொன்னபோது நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பம்பாயில், சயான் கோலிவாடாவில் எங்கள் தெருமுனையில் இருக்கிற கிளினிக். டாக்டருக்கு மராட்டியும் இந்தியும் தெரியும். அம்மாவின் இந்தி காய்கறிக்காரரோடு பேரம் பேசுகிற அளவோடு சரி. அதனால் வழக்கம்போல நான்தான் சொன்னேன்: வயிற்று கேஸுக்கு ஒரு மாத்திரை போடுகிறாள், கரி கலந்த மாத்திரை, அதனால் மலம் கறுப்பாகப் போகிறது. டாக்டர் தலையாட்டினார், சீட்டில் ஏதோ எழுதினார், நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அது தீபாவளி கழிந்த வாரம். அங்கிருந்து ஒன்பது வாரத்தில் அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. மூன்று வருஷம் ஆகிவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன். கரி மாத்திரை போட்டால் கறுப்பாகப் போவது உண்மைதான்.

எட்டு வயதிலிருந்து அம்மாவுக்கு வாய் நான்தான். ரேஷன் ஆபீஸ், பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அவள் என் காதில் சொல்வாள், நான் எதிரில் இருப்பவரிடம் சொல்வேன். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் இந்த வேலை பழக்கம். நானும் அதைத் திறமையாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா நீட்டி முழக்கிச் சொல்வதைச் சுருக்கி, எதிரில் இருப்பவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கொடுப்பதுதான் திறமை என்று நினைத்திருந்தேன்.

அம்மாவின் ஊர் தென்காசிப் பக்கம். வயிற்றைப் பற்றிப் பேச அந்தப் பக்கத்துத் தமிழில் எத்தனை சொற்கள்! தின்றது அப்படியே கிடந்தால் "செமிக்கல." தின்றது தொண்டை வரைக்கும் திரும்பி வந்தால் "எதுக்களிக்கு." நெஞ்சுக்குழியில் எரிந்தால் "கரிக்கு." காற்று அடைத்தால் "பொருமுது." சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருந்தால் "பசி மந்தம்." பிறகு "கவ்விப் பிடிக்கு" என்று ஒன்று. அது வலி. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம், அம்மா ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிச் சொல்லவே மாட்டாள். நான் இந்தியில் சொல்லும்போது எல்லாமே ஒரே சொல்லாகிவிடும்: கேஸ். மெடிக்கல் கடையிலும் அதே கதை. கவுன்டரில் இருக்கும் பையன் அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே "மௌசி, கேஸ் ஹை?" என்று கேட்டு ஸ்ட்ரிப்பை எடுத்துவிடுவான்.

அந்த ஒரு வருஷமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "வெறும் வயித்துல கவ்விப் பிடிக்கு. ரெண்டு வாய் தின்னா அடங்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டுருது." இதைக் கேட்டால் மூன்றாம் வருஷ மருத்துவ மாணவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் நான் சொன்னது "பேட் மே கேஸ்." வயிற்றில் கேஸ், அவ்வளவுதான்.

டப்பாவில் இருந்தவை

அம்மாவின் மருந்து டப்பா ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தால் ஓமமும் பெப்பர்மின்ட்டும் கலந்து ஒரு வாசனை வரும். ஓம வாட்டர், ஈனோ பாக்கெட் நாலைந்து, ஜெலுசில், டைஜீன், மடித்த காகிதத்தில் சுக்குப்பொடி, மாட்டுங்கா மார்க்கெட்டில் சாமான் வாங்கிக் கிளறிய தீபாவளி லேகியத்தில் மிச்சம். எங்கள் வீட்டில் வயிற்று வைத்தியம் பிறந்த குழந்தையிலிருந்தே தொடங்கிவிடும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவும் உரைமருந்து ஒரு பக்கம், கிரைப் வாட்டர் இன்னொரு பக்கம். கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு என்பவர் தயாரித்தது. ஆரம்பத்தில் அதில் ஆல்கஹாலும் இருந்தது. நாங்கள் குடித்து வளர்ந்தபோது அது ஏதோ நம் ஊர்ப் பாட்டி கண்டுபிடித்தது போலத்தான் இருந்தது.

அம்மாவின் தலைமுறை கடையில் பெயர் போட்டு அடைத்து விற்கும் எதையும் "பேட்டண்ட் மருந்து" என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, பழைய இங்கிலாந்துப் பேட்டண்ட் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டண்டே கிடையாது. பேட்டண்ட் வாங்கினால் செய்முறையை ஊருக்குச் சொல்லியாக வேண்டுமே. அஜீரணத்துக்கும் பித்தத்துக்கும் உலகமெல்லாம் விற்ற பீச்சம்ஸ் மாத்திரையை "டப்பி ஒன்று ஒரு கினி பெறும்" என்று விளம்பரம் செய்தார்கள். கினி என்றால் ஒரு பவுண்டுக்கும் சற்று மேல். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பிரித்துப் பார்த்து 1909-இல் வெளியிட்டது. உள்ளே இருந்தது கரியபோளம் என்கிற கற்றாழைச் சாற்றுக் கட்டி, சுக்கு, சோப்பு. ஒரு டப்பிக்கான சரக்கின் விலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. நம் நாட்டு மருந்துக்கடைக்காரர் யாரைக் கேட்டாலும் கரியபோளமும் சுக்கும் எதற்கு என்று சொல்லிவிடுவார்.

அம்மாவின் கறுப்பு மாத்திரை அந்த வகை இல்லை, அதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப்பின் பின்னால் என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறது. இதே சேர்மானத்தில் பல கம்பெனிகள் விற்கின்றன. மூன்று சரக்கு. ஒன்று ஃபங்கல் டயஸ்டேஸ். இதற்கு நிஜமான பேட்டண்டே உண்டு. ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர், தங்கள் ஊரில் சோயா சாஸுக்கும் சாக்கே என்ற அரிசி மதுவுக்கும் பயன்படும் கோஜிப் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். 1894-இல் அமெரிக்காவில் பேட்டண்ட் வாங்கினார். பார்க் டேவிஸ் கம்பெனி அதை அஜீரணத்துக்கான மருந்தாக விற்றது. இரண்டாவது பப்பேன், பப்பாளிப் பாலில் இருப்பது. ஆட்டுக்கறி வேகவில்லை என்றால் அம்மா ஒரு துண்டு பப்பாளிக்காயை நறுக்கிப் போடுவாளே, அதே சங்கதி. மூன்றாவது கரி. சாதாரண அடுப்புக்கரி இல்லை. நுண்ணிய துளைகள் விடும்படி பக்குவப்படுத்திய கரி. ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். விஷம் குடித்து வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கரைத்துக் கொடுப்பது இதைத்தான்.

மாத்திரையை இரண்டாக உடைத்தால் உள்ளே மை மாதிரி இருக்கும். அம்மா பாதிப் பாதியாகப் போடுவதால் அவள் வலது கைப் பெருவிரல் நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கீற்று இருக்கும். கோலம் போடும் கையில் மாவும் கரியும் சேர்ந்து தெரியும். நாலு வருஷமாகப் போட்டாள். போட்டால் பொருமல் குறைகிறது என்று சொன்னாள், குறைந்தது என்றே நானும் நம்புகிறேன். அந்த மாத்திரை மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. அது செய்வேன் என்று சொன்னதைத்தான் செய்தது.

முழங்காலுக்கு ஒன்று

வயிற்றைப் பற்றிப் பேசும்போது முழங்கால் யார் நினைவுக்கு வரும்? அம்மா இருபத்திரண்டு வருஷம் இட்லி மாவு அரைத்து விற்றவள். ஊறின அரிசி வாளியைத் தூக்கி, நின்றே அரைத்து, நின்றே வழித்து, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. யாரோ ஒரு டாக்டர் எப்போதோ ஐந்து நாளைக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தக் காலி ஸ்ட்ரிப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தீரத் தீர அதைக் காட்டியே வாங்கியிருக்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. ஐந்து நாள் மருந்து இரண்டு வருஷம் ஓடியது. காலையில் எழுந்ததும் கடுங்காப்பியோடு ஒன்று. வெறும் வயிற்றில்.

அது வலியைக் குறைக்கிற வழியே வயிற்றுக்கு ஆபத்து. நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரக்கிறது. மூட்டில் அது வலியையும் வீக்கத்தையும் தூண்டும். இரைப்பையில் அதே பொருள்தான் உள்சுவரின் மேல் சளிப்பூச்சு ஒன்றைச் சுரக்கவைத்து அமிலத்திலிருந்து காக்கும். மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது, இரண்டு இடத்திலும் நிறுத்திவிடும். அது இரைப்பையில் உட்கார்ந்து கரைகிறபோது மட்டும் வரும் கெடுதல் இல்லை. ரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைச் செய்யும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் நினைப்பது அதனால்தான் சரியில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை முட்டி மாத்திரை ஒரு கணக்கு, வயிற்று மாத்திரை இன்னொரு கணக்கு. ஒன்று கூடக்கூட இன்னொன்றும் கூடியது. கடையில் இரண்டையும் ஒரே காகிதப் பையில் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை நான் டோம்பிவிலியிலிருந்து போய் வருகிறேன், டப்பாவைத் துடைத்துக்கூட வைத்திருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

"கேஸ் என்று சொல்லாதீர்கள்"

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு போயிருந்தேன். கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, நாலாவது மாடி. கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கையில் இருந்தது ஒரு கட்டுக் கொத்தமல்லி மட்டும். "வாயு நெஞ்சுக்கு ஏறுதுட்டி. ஒரு மாத்திரையைப் போட்டா செரியாயிரும்" என்றாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மேலே ஏறவே விடவில்லை. அப்படியே இறக்கி, டாக்ஸி பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது சின்ன வயதுப் பெண் டாக்டர், இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: ரொம்ப நாளாக கேஸ் இருக்கிறது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை. "கேஸ் என்று சொல்லாதீர்கள். அம்மா என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே சொல்லுங்கள். சொல் தெரியாவிட்டால் கையால் காட்டச் சொல்லுங்கள்" என்றார். முப்பது வருஷமாக நான் செய்துவந்த வேலையை முதல்முறையாக ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அம்மா காட்டினாள். ஐந்து விரலையும் குவித்து நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்து, நண்டு கவ்வுவது போல இறுக்கினாள். வெறும் வயிற்றிலா, தின்ற பிறகா? வெறும் வயிற்றில். ராத்திரி எழுப்புகிறதா? எழுப்புகிறது. டாக்டர் எழுந்து வந்து பெருவிரலால் அம்மாவின் கீழ் இமையைக் கீழே இழுத்தார். நானும் குனிந்து பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய அந்த ஓரம் உரித்த வெள்ளைப்பூண்டு நிறத்தில் இருந்தது. எத்தனையோ தடவை அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு மலம் என்ன நிறம் என்று கேட்டார். அம்மா பழைய பதிலையே சொன்னாள், அந்த மாத்திரை அப்படித்தான் என்று. டாக்டர் தலையாட்டவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார்: தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறதா, ஒட்டிக்கொள்கிறதா? நான் கேட்கத் தயங்கினேன். அம்மாவும் நானும் இதைப் பற்றி வாழ்நாளில் பேசியது கிடையாது. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "தார் மாதிரி ஒட்டும். ரெண்டு வாளி ஊத்தணும். நாத்தம்னா நாத்தம், பத்தி கொளுத்தி வச்சிட்டு வருவேன்."

எப்போதிலிருந்து?

"புரட்டாசி விரதம் முடிஞ்சதுல இருந்து."

கறுப்பு மாத்திரை எப்போதிலிருந்து?

"அது நாலு வருசமால்லா போடுதேன்."

அப்படியென்றால் புரட்டாசிக்கு முன்னால் ஒட்டியதா?

அம்மா யோசித்தாள். "இல்ல. அப்போ கறுப்பா இருக்கும், ஒட்டாது."

அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரண்டு கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் அம்மாவுக்குத் தெரிந்தே இருந்தது. மூன்று மாதமாகத் தெரியும். கரியால் வருவது சும்மா நிறம். மேல்வயிற்றில் ரத்தம் கசிந்து குடல் வழியே வரும்போது செரிமானத்தில் அது மாறித் தாராகிவிடும், ஒட்டும், நாறும். ஐம்பது மில்லிலிட்டர் அளவு கசிந்தாலே இப்படி ஆகலாம், அரை டம்ளர்கூட இல்லை. தீபாவளி வாரத்தில் நான் அந்தக் கிளினிக்கில் "ஒட்டுதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

ஹீமோகுளோபின் 6.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ராத்திரியே ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் எண்டோஸ்கோப்பி. சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண். உள்ளே கிள்ளி எடுத்த துணுக்கை ஒரு சின்ன மஞ்சள் வில்லையில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் போய் ரோஜா நிறம் வந்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அமிலத்துக்குள்ளேயே குடியிருக்கும் கிருமி. இந்தக் கிருமியால் வயிற்றில் புண் வரும் என்று சொன்னபோது ஆரம்பத்தில் மருத்துவ உலகமே நம்பவில்லை. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிறு வீங்கி வாந்தியெடுத்து, இரைப்பை அழன்றிருப்பதை எண்டோஸ்கோப்பியில் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு. அம்மாவுக்குக் கிருமியும் இருந்தது, மேலே டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் புண் வர இன்னும் வழியாகிவிடும். பதினாலு நாள் இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே அமிலத்தை அடக்கும் மாத்திரை. வருஷக்கணக்கில் "செமியாக்கொணம்" என்று பெயர் வைத்திருந்த ஒன்று பதினாலு நாள் மருந்துக்குக் கட்டுப்பட்டது.

பிறகு வீட்டில்

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அந்தப் பெண் டாக்டர் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, வார்டு மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். டைக்ளோஃபெனாக் முதலில் போனது, முட்டிக்கு வேறு வழி எழுதினார். அடுத்து ஈனோ. அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது. பிரஷருக்கு சோடியம் ஆகாது. ஈனோவின் முக்கியச் சரக்கான சோடியம் பைகார்பனேட்டில் ஒரு கிராமுக்கு 270 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளுக்கே சோடியம் இரண்டு கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓம வாட்டரையும் சுக்குப்பொடியையும் தொடவில்லை. கறுப்பு மாத்திரையைக் கையில் எடுத்து, "இது கெட்ட மருந்து இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டாம். எனக்கு நிறம் தெரியணும்" என்றார்.

என் கோபம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சீட்டில்லாமல் இரண்டு வருஷம் வலி மாத்திரை கொடுத்த கடை மேல் இருக்கிறது, நிச்சயமாக. தலையாட்டிய டாக்டர் மேல் பாதிதான் இருக்கிறது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவர் கையில் கிடைத்தது நான் கொடுத்த வாக்கியம். உங்கள் வீட்டில் முட்டிக்கு ஒன்றும் வயிற்றுக்கு ஒன்றுமாகத் தினமும் போடுகிறவர்கள் இருந்தால், அந்த இரண்டையும் இன்றைக்கே ஒரே மேஜையில் எடுத்து வைத்து ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ஒட்டுகிறதா என்று கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். மெலிகிறார்களா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, விழுங்கச் சிரமமா என்றும் கேளுங்கள். அவர்கள் என்ன சொல்லில் சொல்கிறார்களோ அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் இருக்கும். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அம்மாவிடமிருந்து போன். "ஏட்டி, மறுபடியும் கறுப்பா போகுது."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "ஒட்டுதா?"

"ஒட்டல. ஒரு சொம்புத் தண்ணில போயிருது. நாத்தமும் இல்ல." கொஞ்சம் பேசாமல் இருந்தாள். "ரத்தம் ஊறுறதுக்கு இரும்பு மாத்திரை எழுதினாங்கல்லா, புதன்கெழமைல இருந்து அதப் போடுதேன். இந்த மாத்திரையும் அப்படித்தானோ?"

இரும்புச்சத்து மாத்திரையால் கறுப்பாகப் போகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் எவ்வளவோ படித்திருந்தேன். ஆமாம்மா, அப்படித்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "கெளம்பி இரு, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்லோ லோக்கலைப் பிடித்து சயானில் இறங்கினேன்.

ஓபிடியில் அதே பெண் டாக்டர். நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் பேசப் போவதில்லை என்று புரிந்துகொண்டாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, காய்கறிக்காரரிடம் பேசும் அந்த இந்தியில், கறுப்புதான் ஆனால் ஒட்டவில்லை என்று அவளே ஆரம்பித்தாள்: "டாக்டர், காலா ஹை. லேகின் சிபக்தா நஹி."